தெருவுக்கு நாடி பார்க்கும் வைத்தியர்

காலை வேளை. அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற மஞ்சள் சட்டை அணிந்த ஓர் ஆசாமி, நீளக் கோலின் நுனியில் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவில் நடந்து வருகிறார். நாலடி நடக்கிறார்; நிற்கிறார்; தரையை உற்றுப் பார்க்கிறார்; எதையோ குறித்துக்கொள்கிறார். ஜன்னல் வழியே பார்க்கும் அம்மாளுக்கு, 'பாவம், மோதிரத்தைத் தொலைத்துவிட்டாரோ?' என்றுகூடத் தோன்றும்.

மோதிரமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் அந்தத் தெருவுக்கு நாடி பார்க்க வந்த வைத்தியர்! நகரசபை பணம் கொடுத்து அவருடைய கம்பெனியை அமர்த்தியிருக்கிறது.

"தெரு கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா? எங்கள் வீட்டுப் பாட்டியே சொல்லிவிடுவாளே!" என்கிறீர்களா? பாட்டி சொல்லுவாள், வாஸ்தவந்தான். ஆனால் தன் தெருவைப் பற்றித்தான் சொல்லுவாள். தெருவுக்கு ஒரு பாட்டி இருக்கிறாள். நகரசபையின் கஜானாவோ ஒன்றே ஒன்று. எந்தப் பாட்டிக்கு முதலில் செவி சாய்ப்பது? அதற்குத்தான் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

இந்த அளவுகோல் பிறந்த கதை சுவாரஸ்யமானது. இல்லினாய் மாகாணத்தில் ஓட்டாவா என்ற ஊருக்கு அருகே விதவிதமான ரோடுகளைப் போட்டு, 1958-லிருந்து 1960 வரை ராணுவ வீரர்களை லாரி ஓட்டச் சொன்னார்கள். செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தன லாரிகள். ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்ல, பல தரப்பட்ட மனிதர்களைக் காரில் உட்கார வைத்து 0-லிருந்து 5 வரை மார்க் போடச் சொன்னார்கள். அங்கே தெரிந்துகொண்ட ஓர் உண்மை திடுக்கிட வைக்கும். லாரியின் அச்சு தாங்கும் பாரம் இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கல்ல; ஏறக்குறைய 16 மடங்கு! கறிகாய் வாங்கக் காரில் போகும் இல்லத்தரசியின்மேல் இனி யாரும் பழி போட முடியாது.

பிறகு 1970-களில் அமெரிக்க ராணுவத்தின் இஞ்சினீயர் படை, பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி 100 மார்க் முறை ஒன்றை வகுத்தது. புத்தம் புது ரோட்டுக்கு 100. அதிலிருந்து குறைகளுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டே வரவேண்டும். என்ன குறை, எவ்வளவு கடுமை, எத்தனை சதுர அடி என்று மூன்றையும் பார்க்கிறார் நம் வைத்தியர். குறைகளில் ஒன்றின் பெயர் 'முதலைத் தோல்'. சின்னச் சின்னக் கட்டமாக வெடித்துக் கிடக்கும் தார் ரோட்டைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். இது சருமவியாதி அல்ல. பாரம் தாங்காமல் உள்ளே எலும்பே நொறுங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி. மேலே தார் பூசி மறைத்தால் மறுபடி வெடிக்கும். இப்போது காமிராவும் லேஸரும் பொருத்திய வண்டிகளும் இந்த வேலைக்கு வந்துவிட்டன.

சரி, வைத்தியரை எப்படிப் பொறுக்குவது? குறைந்த விலை கேட்பவரையா? இல்லை. இஞ்சினீயர்களை முதலில் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் கூலி பேசவேண்டும் என்று 1972-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டமே செய்தது. ரோட்டைப் பரிசோதிக்கும் கம்பெனியே ரோடு போடும் காண்டிராக்டையும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். மருந்துக் கடை வைத்திருக்கும் டாக்டர் எல்லோருக்கும் டானிக் எழுதிக் கொடுப்பதில்லையா? நகரசபை இஞ்சினீயர் நாலைந்து தெருக்களில் தாமே நடந்து, மார்க் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதும் உண்டு.

இனிமேல்தான் சங்கடம். மார்க் வந்துவிட்டது. மிக மட்டமான தெருவுக்குத்தானே முதல் வைத்தியம்? அதுதான் இல்லை! ரோடு பல வருஷம் மெல்ல மெல்லத் தேய்கிறது. 60 மார்க்குக்குக் கீழே இறங்கியதும் மளமளவென்று சரிகிறது. 75 மார்க் உள்ள தெருவுக்கு மெல்லிய பூச்சு போதும். 25 மார்க் தெருவையோ தோண்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டும். அதற்குப் பல மடங்கு செலவு. ஒரு பாழான தெருவைச் சீர்செய்யும் பணத்தில் பல நல்ல தெருக்கள் கெடாமல் காப்பாற்றப்படும். மழைக்கு முன்னால் நாலு ஓட்டை மாற்றும் குடும்பஸ்தருக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஆனால் அந்த 25 மார்க் தெருவில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் தாய்க்கு? ஊன்றுகோலுடன் நடக்கும் கிழவிக்கு? "எங்கள் வாசலில் பள்ளம், நன்றாக இருக்கும் பெரிய ரோட்டுக்கு மேலும் பூச்சா?" என்று அவர்கள் கேட்டால் கணக்கை மட்டும் நீட்டிப் பதில் சொல்ல முடியுமா? நியாயம் தெரிந்த நகரசபை, பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட தெருக்களுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறது.

அந்த வட்டாரத்தின் சராசரி பல ஆண்டுகளாக 66, 67 மார்க்கிலேயே நிற்கிறது. பாஸ்தான், ஆனால் 60 என்ற அந்தப் பள்ளத்தாக்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால்தான் பெரிய ரோடுகளை 2 வருஷத்துக்கு ஒரு முறை, குடியிருப்புத் தெருக்களை 5 வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதிக்காத ஊருக்கு ரோடுப் பணம் கிடையாது என்று வட்டாரப் போக்குவரத்துக் கமிஷன் கண்டிப்பு வைத்திருக்கிறது. சின்ன ஊர்களுக்கு வைத்தியர் கூலியில் பெரும்பங்கை அதுவே 1999 முதல் கொடுத்தும் வருகிறது.

மஞ்சள் சட்டைக்காரர் தெருக்கோடிக்குப் போய்விட்டார். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்புகிறார்.