பருப்பு வேகும் தண்ணீர் நல்ல தண்ணீரா?

சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் இரண்டு டம்ளர்களை மேசைமேல் வைப்பார். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவருடைய கருவியில் வடித்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். சில நிமிடங்களில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கிவிடும். மற்றது தெளிவாகவே நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். இத்தனை நாளும் இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்ற பயம் வரும்.

அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. கம்பியின் இரும்பு கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். உப்பை நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் அப்படியே இருக்கும். குடிக்கத் தகுந்த நல்ல கிணற்று நீரும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

அடுத்து அவர் எடுப்பது டி.டி.எஸ். மீட்டர். நீர் எந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது கணக்கிட்டுக் காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்லும் கணக்கு. இந்த மீட்டரை வீண் என்று சொல்லிவிட முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் உப்புக் கழிவு நிலத்துக்குள் இறங்கிய பாலாற்றங்கரை ஊர்களில் அதற்கு வேலை உண்டு. அந்தக் கழிவின் கொடுமைதான் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. கடல்நீர் உள்ளே புகுந்த கடலோரக் கிணறுகளிலும் மீட்டர் நல்ல எச்சரிக்கை தரும். ஆனால் அது காட்டுவது மொத்தக் கணக்கு. கரைந்திருப்பவை என்னென்ன என்று அதற்குத் தெரியாது. இது எவ்வளவு பெரிய குறை என்பதைத் தருமபுரியில் பார்க்கலாம்.

பாறை தந்த நஞ்சு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதில் உள்ள கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. ஆலைக் கழிவு, சாக்கடை எதுவும் கலக்காமலே நீர் கெட்டுப்போகும் இடம் இது.

இதில் ஒரு வேதியியல் நுட்பம் உண்டு. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளூரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். ஆகவே ஃபுளூரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த, சோடா உப்பு கலந்த மென்னீராக இருக்கும். மென்னீர் என்றால் சோப்பு நன்றாக நுரைக்கும். பருப்பு சீக்கிரம் வேகும். வாய்க்கும் நன்றாக இருக்கும்.

நம் வீடுகளில் தலைமுறைகளாக உள்ள சோதனைகள் இவைதாம். கடின நீரைக் கண்டுபிடிக்க அவை சரியான சோதனைகள். பருப்பு வேகாத, நுரை வராத தண்ணீரை ஒதுக்கி, வேகும் தண்ணீரைத் தேடிப் போனவர்கள் செய்தது அறிவுள்ள காரியமே. ஃபுளூரைடு அந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறது. நிறம், மணம், சுவை ஒன்றும் இல்லை. மீட்டரும் உதவாது. 600 டி.டி.எஸ். உள்ள நீரில் 3 மில்லிகிராம் ஃபுளூரைடு இருந்தால் அது மொத்தத்தில் அரை சதவீதம். மீட்டரைப் பொறுத்தவரை அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. ஆனால் குடிநீரில் அதற்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 1.5. அதற்கு மேல் அனுமதியே இல்லை.

தாண்டினால் முதலில் பற்கள் காட்டிக்கொடுக்கும். சுமார் எட்டு வயது வரை ஈறுக்குள் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் உடலில் சேரும் ஃபுளூரைடு சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளாக, பழுப்புக் கோடுகளாகப் பல்லில் நிலைத்துவிடும். பல் துலக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகளைத் தயவுசெய்து திட்டாதீர்கள். தேய்த்துப் போகிற கறை அல்ல அது. இன்னும் அதிக அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும், கழுத்தும் முதுகும் வளையாது. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்த நோயைப் பதிவு செய்தார்கள்.

வெயிலில் வேலை செய்பவர் நாளுக்கு நான்கைந்து லிட்டர் குடிப்பார். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள நீரை 5 லிட்டர் குடித்தால் அன்று மட்டும் 10 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஒரே கிணற்று நீர் நிழலில் வேலை செய்பவரைவிடக் களை எடுக்கும் பெண்ணை அதிகம் தாக்குகிறது என்பதுதான் இதன் பொருள். அவரிடம் சுத்திகரிப்புக் கருவி வாங்கப் பணம் இருக்கவும் வாய்ப்பில்லை.

காவிரி நீரைக் கொண்டுவந்து இதற்குத் தீர்வு காணத்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. சரியான முடிவு. என்றாலும், குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் பழைய போர்க் கிணற்றுக்குத்தான் போகும். அந்தப் போரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எதைச் சோதிப்பது, எப்படி எடுப்பது

ஆகவே ஒரு நீராதாரத்தை மதிப்பிடுவது, இந்த மண்ணில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்ற கேள்வியில் தொடங்க வேண்டும். கடினப் பாறைப் பகுதியின் ஆழமான போர் என்றால் ஃபுளூரைடு. யூரியா அதிகம் இடும் தோட்டங்களுக்கோ கழிவறைக் குழிகளுக்கோ அருகில் உள்ள கிணறு என்றால் நைட்ரேட். அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பெரும் ஆபத்து. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பூத்துப்போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் பூமியின் கிணறுகளில் நெடுங்காலமாகப் பேசப்படுவதும் இந்த நைட்ரேட்தான்.

கிருமிகளைச் சந்தேகிக்காமல் விடக்கூடிய ஊர் எதுவும் இல்லை. 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ.கோலை பாக்டீரியாகூட இருக்கக் கூடாது. குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன்.

கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். ஃபுளூரைடையும் நைட்ரேட்டையும் அது தொடாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். அதேசமயம் ஃபுளூரைடு நீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீர் கிடைத்தால் போதும். முறையாகச் சேமித்த மழைநீரில் ஃபுளூரைடு ஏறக்குறைய இல்லை.

மாதிரி எடுப்பதில் கவனம் பிசகினால் அறிக்கை முழுதும் பொய்யாகிவிடும். போரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கிய நீரைச் சோதித்துப் பயனில்லை. ஃபுளூரைடுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டி போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே நுண்ணுயிர் நீக்கிய புட்டி தரும். அதற்குள் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும் என்பதால் அதைக் கழுவக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனையை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், வேதிச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது நல்ல வழக்கம்.

இதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. மருந்து விட்டதும் வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். சந்தேகத்துக்கு இடமானதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. கோடைக்கு முன் வரும் சரியான தேதி. ஊரிலுள்ள ஒவ்வொரு போருக்கும் ஃபுளூரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, ஈ.கோலை உண்டா, மாதிரி எடுத்த நாள் எது என்று அன்று கேட்கலாம். அறிக்கையை வாசிக்கச் சொல்லலாம். மேல்நிலைத் தொட்டியின் சுவரில் அந்த எண்களை எழுதச் சொல்வதும் நியாயமான கோரிக்கையே. இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நீர்மட்டம் இறங்கி, அதே இடத்தில் இன்னும் சில நூறு அடி ஆழமாகப் போர் போட்டால் நீர் வேறொரு பாறை வெடிப்பிலிருந்து வரத் தொடங்கும். அன்றோடு பழைய அறிக்கை செல்லாது. புதிய மோட்டாருக்கு மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே மாதிரியை அனுப்பிவிட வேண்டும்.