கவசமில்லாத பாதரசம்

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில், நியூத்திரன்களைப் பெறுவதற்காக ஓடும் பாதரசத்தின் மேல் புரோத்தன் கற்றையை வினாடிக்கு 60 தடவை செலுத்துகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் பாதரசம் சட்டெனச் சூடாகி அதிர்கிறது. உள்ளே குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த உடைவு துருப்பிடிக்காத உருக்கையே குழி குழியாக அரிக்கும். அதனால் பாதரசக் கலத்தைச் சுற்றி நீரால் குளிரூட்டிய இன்னொரு கவசம், நடுவே கசிவைக் காட்டும் கருவி, பழுதாகுமுன் கலத்தையே மாற்ற இயந்திரக் கைகள். அரிப்பைக் குறைக்க ஹீலியம் குமிழிகளும் விடுகிறார்கள்.

இலங்கையின் அக்கரைப்பற்றில் வாழும் நமக்கு இந்தக் கதை எதற்கு? நம் வீட்டுக்குள் வரும் பாதரசத்துக்குக் கவசம் இல்லை, பல வேளை லேபலில் பெயர்கூட இல்லை. வெள்ளையாக்கும் கிரீமாக அது வருகிறது. அங்கே உலோகம், இங்கே பாதரச உப்பு. தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் உள்ளே ஊறிய பாதரசம் சிறுநீரகத்தில் தங்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தலையணை, துவாய் வழியே வீட்டாருக்கும் ஒட்டும்.

நம்மைப் போலவே வளைகுடாவோடு போக்குவரத்துள்ள கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் மருத்துவர்கள் 2023இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். சிறுநீரில் புரதம் கசிந்து வந்தவர்களில் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். நிறுத்தியபின் பெரும்பாலானோர் தேறினர்.

லேபலில் பாதரசத்தைக் குறிக்கும் 'மேர்க்கூரி', 'கலோமெல்' என்றிருந்தாலோ, தங்கம் வெள்ளி நகையில் படவேண்டாம் என்று எச்சரித்திருந்தாலோ வாங்காதீர்கள். இறக்குமதியாளர் பெயர், விலை, காலாவதித் திகதி இல்லாததும் அப்படியே. இலங்கை 2017இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றது; அதன்படி 2025க்குப் பின் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ முடியாது.

வாங்கியாயிற்றா? பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே பில்லைக் கேட்டு வாங்குங்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிரீம் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மிச்சத்தைக் குப்பையோடு எரித்தால் ஆவியாகி மூச்சில் ஏறும். பையில் இறுகக் கட்டி வையுங்கள்; முறைப்பாட்டுக்கு அதுவே சான்று.