அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஓட்டு வேட்டையா? கமலா ஹாரிஸின் 2010 தேர்தலும், நம்ம ஊர் நடைமுறையும்!

மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர், பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர். 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பேரூராட்சியில் இருக்கும் ஒரு வாக்காளர் வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. என மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், அவர் நிலத்தை அரசு கையகப்படுத்தி, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனால், அரசுத் தரப்பின் முதன்மை வழக்கறிஞர் யார் என்பதில் அவருக்கு ஓட்டு கிடையாது.

அமெரிக்காவில் கதையே வேற. அங்கு 50 மாநிலங்களில் 43-ல் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். போஸ்டர், டிவி விளம்பரம், விவாத மேடை, நன்கொடை எல்லாம் உண்டு.

108 தேங்காய் தேர்தல்

இதில் நமக்கு நெருக்கமான உதாரணம் கமலா ஹாரிஸ். இவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னியாக இருந்த அவர், 2010-ல் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அட்டர்னி ஸ்டீவ் கூலி, குடியரசுக் கட்சி.

பிரசாரத்தில் சூடு கிளப்பியது மரண தண்டனை. 2004-ல் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட வழக்கில் ஹாரிஸ் மரண தண்டனை கேட்கவில்லை. அதை வைத்தே அவரைத் தாக்கினார்கள். மறுபக்கம், ஓய்வூதியம், சம்பளம் இரண்டையும் வாங்குவீர்களா என்ற விவாதக் கேள்விக்கு 'ஆமாம்' என்றார் கூலி. ஹாரிஸ் தரப்பு அதையே விளம்பரமாக்கியது.

நவம்பர் 2 இரவு வெற்றியை அறிவித்தவர் கூலிதான்! ஆனால் எண்ணிக்கை மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ் ஜெயித்தார். இந்தத் தேர்தலுக்காகச் சென்னையில் இருந்த அவருடைய சித்தி, பெசன்ட் நகர் பிள்ளையார் கோயிலில் 108 தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்தது பின்னாளில் பிரபலம்.

நம்ம ஊர்ல எப்படி?

அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 165-ன்படி, மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலை, அதாவது அரசு தலைமை வழக்கறிஞரை, ஆளுநர் நியமிப்பார். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி வேண்டும். பதவிக்காலம் இத்தனை ஆண்டு என்று கிடையாது. நடைமுறையில் பெயரை முடிவு செய்வது மாநில அரசு. அதனால்தான் ஆட்சி மாறினால் இவரும் மாறுவார். 2021 மே மாதம் விஜய் நாராயண் விலக, ஆர்.சண்முகசுந்தரம் வந்தார். அதே ஆட்சியிலேயே 2024 ஜனவரியில் பி.எஸ்.ராமன் பொறுப்பேற்றார்.

சட்டப்பேரவையில் பேசும் உரிமை இவருக்கு உண்டு, ஓட்டுப்போட முடியாது.

எது நல்லது?

தேர்தலில் வந்தவருக்கு ஆளுநர் தயவு தேவையில்லை. வீட்டுக்கடன் மோசடி விவகாரத்தில், பெரிய வங்கிகளுடனான பேச்சுவார்த்தையிலிருந்து 2011-ல் ஹாரிஸ் வெளியேறினார். 2012-ல் கலிஃபோர்னியாவுக்குக் கூடுதல் நிவாரணத்தோடு ஒப்பந்தம் முடிந்தது.

ஆனால் ஓட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் மீதே நாளை வழக்குப் போட வேண்டி வரலாம். 'யாருக்குத் தண்டனை' என்பது மேடைப் பேச்சாகிவிடும். அதோடு, ஜெயித்த பிறகும் வேலை மாநிலத்தின் வக்கீல் வேலைதான். மரண தண்டனையை எதிர்த்த அதே ஹாரிஸ், அந்த நடைமுறை செல்லாது என்று 2014-ல் ஒரு நீதிபதி சொன்னபோது, மாநிலத்தின் சார்பில் மேல்முறையீடு செய்தார்.

நியமன முறையில் இந்த மேடைச் சத்தம் இல்லை. ஆனால், அரசே தப்பு செய்தால் அந்த அரசு தேர்ந்தெடுத்த வக்கீல் 'இது தப்பு' என்று சொல்வாரா? அரும்பாவூர் நில வழக்குக்காரருக்கு முக்கியமான கேள்வி அதுதான்.