ஊர்ச் சபையின் செய்தி வீட்டு வாசலுக்கு வருமா?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். ஊர் கூட வேண்டுமாயின், தேர் எப்பொழுது புறப்படும் என்பதை முதலில் ஊரவர்க்கு அறிவித்தல் வேண்டும். அக்காலத்திலே பறையறைந்து செய்தி சொன்னார்கள். பின்னர் கிராமச் சபையின் அறிவித்தற் பலகையும் வாசிகசாலைப் பத்திரிகையும் அவ்வேலையைச் செய்தன. இன்றோ சந்தையில் மீன் விற்பவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. ஆயினும், குப்பை வண்டி நாளை வருமா என்று கேட்டால் விடை சொல்வாரில்லாத வீடுகள் பல.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்னும் மூவகை உள்ளூராட்சி மன்றங்களும் சேர்ந்து நம் நாட்டில் 341 உள்ளன. ஒழுங்கை, வடிகால், தெருவிளக்கு, சந்தை, நூலகம், விளையாட்டிடம், மயானம் ஆகிய யாவும் இவற்றின் பொறுப்பேயாகும். நம் அன்றாட வாழ்வோடு இத்துணை நெருங்கிய அரச நிறுவனம் பிறிதொன்றில்லை. 2023 மார்ச்சு மாதத்திலே பெரும்பாலான சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது. 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே அவற்றை நிருவகித்தனர். இப்பொழுது நாம் தெரிவு செய்த உறுப்பினர் அங்கே இருக்கின்றனர். ஆனால் அவர்கள் கூடி எடுத்த முடிவு நமக்கு எட்டவில்லையெனின், வாக்களித்ததன் பயன் யாது?

செய்தி எட்டாமையால் வரும் நட்டம் சிறிதன்று. ஆண்டு முழுவதற்குமான சோலைவரியை சனவரி 31 ஆம் நாளுக்கு முன் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. இதனை அறியாது மாசியிலே சென்று முழுத்தொகையும் கட்டுவோர் ஏழைகளேயாவர். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 இற்கும் மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் வருத்தியது. எந்த ஒழுங்கையில் என்று புகையடிப்பர், எந்நாளில் சிரமதானம் என்பதை முன்கூட்டியே அறிந்தாலன்றோ வீட்டார் ஆயத்தமாக இருத்தல் கூடும்?

செய்தி தருவது சபை காட்டும் தயவு அன்று. அது நமது உரிமை. 2015 ஆம் ஆண்டின் 19 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தகவல் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே. குடிமகன் எழுத்திற் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். எனினும், கேட்டபின் சொல்வதினும் கேளாமுன் சொல்வதே நல்லாட்சிக்கு அழகு. வரவு செலவுத் திட்டம், மாதக் கூட்டத்தின் தீர்மானங்கள், கேள்விப்பத்திர விவரம், கட்டட அனுமதிக்கு வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை இணையத்தளத்தில் இட்டுவிட்டால், மக்களுக்கு அலைச்சல் குறையும். அலுவலகத்துக்கும் வேலை குறையும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை, ஒழுங்கே வேண்டும். நிலையான விவரங்கள் இணையத்தளத்தில் இருத்தல் வேண்டும். அன்றாட அறிவித்தல்களுக்கு முகநூலும் வாட்ஸ்அப்பும் போதும். வாட்ஸ்அப்பில் சபை மட்டுமே எழுதக்கூடிய அலைவரிசை ஒன்றைத் திறந்தால் வீண் வம்பு புகாது. பின்தொடர்வோரின் தொலைபேசி இலக்கமும் ஏனையோர்க்குத் தெரியாது.

எழுத்திலும் கவனம் வேண்டும. நம் அலுவலகங்களிற் பெரிதும் பழகிய பாமினி எழுத்துருவில் அமைந்த பகுதியை அப்படியே இணையத்தில் இட்டால், அவ்வெழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும், தேடினாலும் அகப்படாது. ஒருங்குறியில் எழுதுவதே முறை. அறிவித்தற் கடிதத்தைப் படமாக மட்டும் இட்டால், திரையை வாசித்துக் காட்டும் கருவியை நம்பியிருக்கும் பார்வையற்றோர் என் செய்வர்? முகவரியின் ஈற்றில் 'இலங்கை' என்று தமிழிலேயே எழுதும் வசதியும் 2010 முதல் நமக்குக் கிடைத்துள்ளது.

இரண்டு தீங்குகளை விலக்குதல் வேண்டும். முதலாவது, சபையின் பக்கம் தவிசாளரின் புகைப்பட ஏடாக மாறுதல். மாலை சூட்டிய படம் பத்து இருக்க, நீர் வராத நாள் பற்றிய வரி ஒன்றுமில்லையெனின் அதனாற் பயனென்ன? பக்கம் சபைக்குரியது, ஆட்சி மாறினும் அது நிலைத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, பிற நாட்டு நிறுவனங்களின் தளங்களை மட்டும் நம்பியிருத்தல். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியதை நாம் மறத்தலாகாது. ஆதலால் சொந்த இணையத்தளமும் வேண்டும். தொலைபேசி இல்லாத முதியோர்க்காக நூலக வாசலில் பழைய அறிவித்தற் பலகையும் வேண்டும்.

மலையகத்துக்கு இஃது இன்னும் இன்றியமையாதது. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் சட்டமே தடையாக நின்றது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்த செய்தி லயத்து வீட்டுக்கு எட்டாவிடில், திறந்தும் பயனில்லை. அங்கே சபையின் செய்தி தமிழில், எளிய தமிழில், வருதல் வேண்டும்.

இனி நம் கடமைக்கு வருவோம். மாணவர்கள் தம் சபையின் இணையத்தளத்தைத் திறந்து, சென்ற மாதத் தீர்மானம் அதில் இருக்கின்றதா என்று பார்க்கலாம். இல்லையெனின், பெற்றோருடன் சேர்ந்து செயலாளருக்கு மரியாதையுடன் ஒரு கடிதம் எழுதலாம். அறிவித்தல் வந்தால், வாசிக்க இயலாத அயலவர்க்கு வாசித்துச் சொல்லலாம். பிறர் அனுப்பிய செய்தியை, சபையின் பக்கத்தில் ஒருமுறை பார்த்து உறுதி செய்தபின்னரே ஏனையோர்க்கு அனுப்புதல் நன்று. கேட்கும் குடிமக்கள் உள்ள ஊரிலேதான் சொல்லும் சபை உருவாகும்.