சாரல் காலப் பூசணம்: ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேரக் கூடாது

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கத் தொடங்கும். குற்றாலத்தில் அருவி கொட்டும். வடக்கே கடையநல்லூரில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள் தோன்றும். போடாமல் வைத்த தோல் செருப்பில் வெள்ளைப் படலம் படரும். பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் இருப்பவை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்கும்வரை அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சாரல் நாள்களில் ஈரப்பதம் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டக் கூடாது. வித்துகள் வீடெங்கும் பறந்து, ஆஸ்துமா உள்ளவர்களை இரும வைக்கும். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். டைல்ஸுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

சிக்கல் குளியலறையில்தான். அங்கே கறை இரண்டு வகை. மூலையில் கறுத்திருப்பது பூசணம். அதற்குப் பிளீச்சிங் பவுடர் கேட்கும். குழாயடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது போர்த் தண்ணீரின் உப்பு. அது ஆசிடுக்குத்தான் கரையும். பவுடரைத் தூவித் தேய்த்தவர், தரை இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று அதன் மேலேயே ஆசிடை ஊற்றினால், பவுடரில் கட்டுண்டிருந்த குளோரின் வாயுவாகக் கிளம்பிவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டியே தேங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக. எலுமிச்சை, வினிகர் சேர்ந்தாலும் இதே வினை நடக்கும். சிறுநீர் வாடை வீசும் இடத்தில் பவுடரைக் கொட்டினால் குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயு வரும். அங்கே முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசுங்கள்.

ஆகவே பூசணத்துக்கு ஒரு நாள், உப்புக் கறைக்கு வேறொரு நாள். இடையில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர் போதும். கையுறை போட்டு, கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடியோடு கண் எரிந்தால், வாளியைக் காலி செய்ய நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். நெஞ்சடைப்பு சில மணி நேரம் கழித்துக்கூட முற்றலாம்.

சுவருக்கு நம்மவர்கள் கண்ட வழி சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் 12-ஐ ஒட்டி இருக்கும். அதில் பூஞ்சை பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அது மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக மாறும்போது காரம் போய்விடும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் முன்னால் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதில் அழகோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவைத்து, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சுவர் காய்ந்தால் பிளீச்சிங் பவுடருக்கு வேலை பாதியாகக் குறையும்.