எண்ணெய்ச் சட்டியில் எழும் தீ

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் அடுப்புக்கு ஓய்வில்லை. முறுக்கும் அதிரசமும் கல்கலும் சுட்டெடுக்கும் மணம் தெருவெங்கும் பரவும். அத்தகைய ஒரு மாலைப்பொழுதைச் சற்று எண்ணிப் பாருங்கள். எரிவாயு அடுப்பின்மேல் இருப்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. வாசலில் யாரோ அழைக்கிறார்கள். "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லித் தாய் வெளியே செல்கிறாள். வந்தவர் உறவினர், பேச்சு நீள்கிறது. திரும்பி வந்து பார்த்தால், சட்டியிலிருந்து தீ கொழுந்துவிட்டு எரிகிறது. பதறிய மகன் செம்பு நிறைய நீரை மொண்டுகொண்டு ஓடி வருகிறான்.

அந்த நீர் சட்டியில் விழுமா, விழாதா என்பதைப் பொறுத்தே அக்குடும்பத்தின் திருநாள் அமையும்.

தீயைக் கண்டதும் நீரைத் தேடுவது மனித இயல்பு. விறகுக்கும் வைக்கோலுக்கும் அது பொருந்தும், எண்ணெய்க்குப் பொருந்தாது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே அது எரியும் எண்ணெயின் அடியில் போய்ச் சேர்ந்து, அங்குள்ள கடும் வெப்பத்தால் நொடிப்பொழுதில் ஆவியாகிறது. ஒரு படி நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 படி இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் துளித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலந்து, கூரையைத் தொடும் தீப்பிழம்பாகிறது. செம்பு ஏந்திய கையும் முகமும் அதற்குத் தப்புவதில்லை.

புகையே எச்சரிக்கை

எண்ணெய் திடீரென்று தீப்பற்றுவதில்லை. முன்னறிவிப்புத் தந்த பின்னரே பற்றுகிறது. பலகாரம் சுடுவதற்கு 160 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் போதும். சுத்திகரிக்கப்பட்ட கடலை எண்ணெய் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். மேலும் காய்ந்து 350 டிகிரி அளவை எட்டினால், அடுப்பின் சுடர் படாமலே தானாகத் தீப்பற்றிவிடும். பலமுறை காய்ச்சிய பழைய எண்ணெயோ இன்னும் விரைவிலேயே புகையும். எனவே புகை கண்டவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எண்ணெய் காயும்போது அடுப்படியை விட்டு அகலவே கூடாது. வாசலில் யார் அழைத்தாலும் அடுப்பை அணைத்துவிட்டே செல்லுங்கள்.

தீப்பற்றிவிட்டால் என் செய்வது? திருகு கைக்கெட்டுமாயின் முதலில் அடுப்பை நிறுத்துங்கள். பிறகு சட்டியைவிடப் பெரிய உலோக மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து மெல்ல நகர்த்தி மூடுங்கள். காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கும். அடங்கிற்றா என்று திறந்து பார்க்க வேண்டாம். சூடு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது பெரும் பிழை. மாவைத் தூவுவதும் ஆகாது. மாவும் எரியும் பொருளே. தீ கைமீறினால் அனைவரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112 என்ற எண்ணில் உதவி கோருங்கள்.

மறைந்திருக்கும் எரிபொருள்

சட்டியில் எழும் தீ சுவருக்குத் தாவுவது எப்படி? அங்கே நாமே எரிபொருளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் அடுப்பின் அடியிலும் சுவரிலும் புகை வெளியேற்றும் விசிறியிலும் படிந்து, நாளடைவில் பிசினாக இறுகுகிறது. பார்வைக்கு வெறும் அழுக்கு; தீக்கோ அது திரி. சமையல் முடிந்து அடுப்பு ஆறியதும் துடைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டுவதாயின் அரைநாள் வேலை. விசிறியிலும் புகைக்கூண்டின் வலையிலும் படிந்த பிசுக்குக்குச் சலவைச் சோடா கலந்த வெந்நீர் ஏற்றது. விசிறியின் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கை வையுங்கள். எரிவாயுக் குழாயின்மேல் எண்ணெய் படிந்தால் இரப்பர் கெட்டுவிடும். அதனையும் துடைத்து, வெடிப்புக் கண்டால் உடனே மாற்றுங்கள்.

அடுப்பருகே நைலான் புடவையைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவது நலம். தீக்காயம் பட்டால், மை, பற்பசை, தோசை மாவு என எதையும் பூசாமல், குழாயின் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சட்டியில் ஊற்றக்கூடாத அதே நீர்தான் காயத்துக்கு முதல் மருந்து.

இவற்றை இல்லத்தரசி மட்டும் அறிந்திருந்தால் போதாது. செம்பைத் தூக்கி ஓடிவரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். இன்றிரவு உணவின்போதே சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுமுன், அதற்கேற்ற மூடியை எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.