நண்பர்களோடு கிரேக்கத் தீவுகளுக்குப் பாய்மரப் படகில்: போவது சுலபம், திரும்புவது?

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் சாண்டோரினி படத்தைப் போடுவார். நீலக் கடல், வெள்ளை வீடுகள், ஓரமாக ஒரு பாய்மரப் படகு. "மச்சி, இந்த வருஷம் கோவா வேணாம். எட்டு பேர் சேர்ந்தா ஒரு படகையே வாடகைக்கு எடுத்துடலாம். ஹோட்டல் செலவும் மிச்சம்." அரை மணி நேரத்தில் திட்டம் தயார். சனிக்கிழமை ஏதென்ஸில் ஏறுவது, மூன்று நாளில் சாண்டோரினி, அடுத்த மூன்று நாளில் திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை விமானம்.

வரைபடத்தில் பார்த்தால் இதில் ஒரு தப்பும் தெரியாது. ஏதென்ஸிலிருந்து சாண்டோரினி சுமார் 120 கடல் மைல், அதாவது 220 கிலோமீட்டர். ஆனால் வரைபடத்தில் காற்று தெரியாதே! ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகும்போது முதுகில் தட்டிக்கொடுக்கும் அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும்.

படகை யாரை நம்பிக் கொடுப்பார்கள்?

மாலுமி இல்லாமல் வெறும் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பதை 'பேர்போட் சார்ட்டர்' என்கிறார்கள். செல்ஃப் டிரைவ் கார் மாதிரிதான். ஆனால் கிரீஸில் ஒரு லைசென்ஸ் போதாது. குழுவில் ஒருவரிடம் ஸ்கிப்பர் சான்றிதழ் இருக்க வேண்டும். அதோடு, இரண்டாவதாக ஒருவர் சான்றிதழ் காட்ட வேண்டும், அல்லது தனக்குப் படகு ஓட்டிய அனுபவம் உண்டு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்கிப்பர் மயங்கி விழுந்தால் படகைக் கரை சேர்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் இதன் தாத்பரியம். "சும்மா ஒரு கையெழுத்துதானேடா" என்று நண்பனிடம் வாங்கிவிடலாம்தான். விபத்து நடந்தால் அந்தக் கையெழுத்து என்ன விலை பெறும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் யாரிடமும் இல்லையா? ஸ்கிப்பரையும் சேர்த்தே அமர்த்தலாம். தினக்கூலி, சாப்பாடு, படுக்க ஒரு கேபின் நீங்கள் தர வேண்டும். எட்டு பேர் என்று கணக்குப் போட்ட படகில் அப்போது ஏழு பேருக்குத்தான் இடம். முதல் முறை போகிறவர்களுக்கு இந்தச் செலவு தண்டம் அல்ல என்பதே என் கருத்து. வாடகை தவிர, சில ஆயிரம் யூரோ முன்பணமாக கார்டில் நிறுத்தி வைக்கப்படும். சுவரில் இடித்தாலோ நங்கூரத்தைத் தொலைத்தாலோ அதில் கழித்துக்கொள்வார்கள். அதை ஒருவர் கார்டில் போட்டால் நஷ்டமும் அவருக்கேவா, எல்லோருக்குமா? இதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுவது நட்புக்கு நல்லது.

இடையில் ஒரு செய்தி. வாடகைப் படகுகளில் இரட்டை உடல் கொண்ட 'கட்டமரான்'களுக்கு இப்போது ஏக மவுசு. அந்தச் சொல் நம்ம கட்டுமரத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போனது. பெயர் மட்டும்தான் நம்முடையது. ஃபிரிட்ஜும் படுக்கையறையும் உள்ள அந்தப் படகைக் காட்டி 'கட்டுமரம்' என்றால் நம் மீனவர்கள் சிரிப்பார்கள்.

மெல்டெமி என்றால் என்ன?

ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். திசையை வைத்துப் பார்த்தால் நம்முடைய வாடைதான். ஆனால் நமக்கு வாடை குளிர்காலத்தில் வரும். அவர்களுக்கு உச்சி வெயிலில் வருகிறது. பால்கன் பகுதியில் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வு அழுத்தம், இரண்டுக்கும் நடுவே காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. அந்தத் தாழ்வு அழுத்தம் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் என்று கோடையில் நீளும் வெப்பத் தாழ்வுப் பகுதியின் மேற்கு வால் அது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையை இழுத்து வரும் அதே ஏற்பாட்டுக்கு, சாண்டோரினியில் உங்கள் தொப்பியைப் பறக்கவிடுவதிலும் பங்கு உண்டு.

இதில் ஏமாற்றுவது வானம்தான். நம்ம ஊரில் காற்று பலமாக வரும் என்றால் கருமேகம் திரளும், மீனவர்களுக்கு எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மெல்டெமி அடிக்கும்போது வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் அடிக்கும். கடற்கரையில் குடையின் கீழ் உட்கார்ந்து காபி குடிக்கிற நண்பருக்கு, "இன்னிக்குக் கிளம்ப வேணாம்" என்று ஸ்கிப்பர் சொல்வது விளங்கவே விளங்காது. போஃபர்ட் அளவில் 6, 7 என்று சர்வசாதாரணமாக வீசும். மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகம். ஒரு நாளில் அடங்கலாம். பல நாள் விடாமலும் அடிக்கலாம்.

இனி அந்தத் திரும்பும் கணக்கு. பாய்மரப் படகு நேர் எதிர்காற்றில் போக முடியாது. காற்றுக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக ஒரு பக்கம் போய், பிறகு திரும்பி மறுபக்கம் போய், இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அதனால் 40 கடல் மைல் தூரம் 56 கடல் மைல் ஆகிவிடும். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் 11 மணி நேரத்துக்கு மேல். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் அலை படகை நிறுத்தி நிறுத்தி அறையும், வேகம் இன்னும் குறையும். "என்ஜினைப் போட்டு நேராப் போயிடலாமே?" போகலாம். ஏஜியனின் குட்டையான, செங்குத்தான அலைகளில் முன்பக்கம் எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பவர்களின் முகம் வெளுக்கும். மூன்று பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, ஒருவர் எட்டு மணி நேரம் சுக்கான் பிடிக்க வேண்டிவரும்.

சாண்டோரினியில் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. ஊர் தொங்கிக்கொண்டிருப்பது எரிமலை வாயின் விளிம்பில். கீழே கடல் பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல் ஆழம். நங்கூரம் தரையைத் தொடாது.

அப்படியானால் எங்கே போவது?

ஏதென்ஸுக்குப் பக்கத்திலேயே சரோனிக் வளைகுடா இருக்கிறது. ஈஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ் என்று தீவுகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அரை நாளில் போய்விடலாம், மெல்டெமியின் முழு வேகமும் பெரும்பாலும் இங்கே எட்டாது. ஈஜினாவில் பிஸ்தாத் தோப்புகள், பழைய அஃபாயா கோயில். ஹைட்ராவில் கார்களுக்கே அனுமதி இல்லை. சாமான் சுமப்பவை கோவேறு கழுதைகள். மேற்கே அயோனியன் கடலில் லெஃப்காடா, கெஃபலோனியா, இத்தாக்கா பக்கம் போனால் இன்னும் சாது. காலையில் கடல் கண்ணாடி, மதியத்துக்கு மேல் அளவான காற்று. பல படகுகள் ஒரு வழிகாட்டிப் படகின் பின்னால் கூட்டமாகப் போகும் 'ஃப்ளோட்டில்லா' ஏற்பாடும் அங்கே உண்டு. புதியவர்களுக்கு அதுதான் சரி. மே, ஜூன், செப்டம்பரில் வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு.

யார் சொல்வதை யார் கேட்பது?

காற்றைவிடச் சிக்கலானது இது. கரையில் எல்லோரும் சமம். எங்கே சாப்பிடுவது என்று கை தூக்கி முடிவு செய்யலாம். படகில் சட்டப்படி பொறுப்பு ஒரே ஒருவருக்கு. அந்த ஒருவர் உங்கள் கல்லூரி அறைத்தோழராக இருப்பார். பதினைந்து வருடமாக நீங்கள் கலாய்த்துவரும் ஆளாகவும் இருப்பார். அவர் திடீரென்று "உக்காரு, எழுந்திருக்காத" என்று அதட்டினால் சிரிப்புதான் வரும். அந்த நொடியில் பாயின் கீழ்க்கட்டை சடாரென்று மறுபக்கம் வீசினால் மண்டை போய்விடும்.

இது இன்றைய பிரச்சினையும் இல்லை. ஹோமரின் ஒடிசியில், இத்தாக்கா கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தலைவன் அசந்து தூங்க, பொன் இருக்கும் என்று நினைத்துக் கூட்டாளிகள் காற்று கட்டிய பையை அவிழ்க்கிறார்கள். படகு வந்த வழியே அடித்துக்கொண்டு போகிறது.

நட்பு நிஜமாகவே சோதிக்கப்படும் இடம் துறைமுகம். காரைப் பக்கவாட்டில் நிறுத்துவது போலப் படகை நிறுத்த அங்கே இடம் இருக்காது. தூரத்திலேயே நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் கரைக்கு வந்து, பின்பக்கம் இரண்டு கயிறுகளால் கட்ட வேண்டும். முன்னால் சங்கிலியில் ஒருவர், பின்னால் கயிற்றோடு இருவர், நடுவில் ஸ்கிப்பர். பக்கவாட்டுக் காற்று படகைத் தள்ளும். "விடு விடு!" "எதை விட?" "சங்கிலியை!" "கயித்தையா?" கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். ஹைட்ராவின் சின்னத் துறைமுகத்தில் மாலையில் வரும் படகுகள், முன்பே நிற்பவற்றின் சங்கிலி மேல் தங்கள் நங்கூரத்தைப் போட்டுவிடும். காலையில் உங்கள் நங்கூரத்தைத் தூக்கினால் பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து வரும். யாரும் கத்தக்கூடாது, கைச்சைகை மட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட குழுக்கள் அன்றிரவும் ஒன்றாகச் சாப்பிடுகின்றன.

புறப்படும் முன் இன்னும் சில

கழிவறையில் காகிதம் போடக்கூடாது. குழாய் அடைத்தால் அதைக் கழற்றுவதும் உங்கள் விடுமுறையில் அடக்கம். தண்ணீர் தொட்டியில் இருப்பது அளவு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருந்தைக் குமட்டல் வந்த பிறகு அல்ல, புறப்படும் முன்பே டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் தலை சுற்றினால் உள்ளே போய்ப் படுக்காமல் மேலே வந்து தொடுவானத்தைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. யாராவது விழுந்துவிட்டால், ஒருவரின் வேலை அவரை விரலால் சுட்டிக்கொண்டே இருப்பது மட்டும்தான். கண்ணை எடுத்தால் அலைகளுக்கு நடுவே ஒரு தலையை மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கோஸ் தீவில் நின்றால் துருக்கி எதிரே தெரியும். "ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். துருக்கிக்குத் தனி விசா. அதோடு, கையில் இருப்பது ஒருமுறை நுழைவு விசா என்றால் திரும்ப கிரீஸுக்குள் வர முடியாது.

வாடகை பொதுவாகச் சனி முதல் சனி வரை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையே படகு புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆக, கையில் இருப்பது ஆறு நாள்தான். மூன்றாம் நாள் இரவு எங்கே இருக்கிறோம், வியாழக்கிழமை காற்று என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். காற்று மிஞ்சிப்போனால் பெரிய ஃபெரிகளுக்கே புறப்படத் தடை போடுவார்கள், அப்போது தீவிலேயே கிடக்க வேண்டியதுதான். விமான டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்குப் போடுங்கள். விமானத்தைப் பிடிக்கணுமே என்ற அவசரத்தில்தான், போகக்கூடாத காற்றில் நங்கூரம் தூக்குகிறார்கள்.